பதினான்கு காரட் அரசியல் அறிவியல்

தென்பொருநை வங்கியின் பாளையங்கோட்டைக் கிளை. நகை மதிப்பீட்டாளர் வைத்தியலிங்கம் உரைகல்லை வேட்டி நுனியால் துடைத்தார். மேசை விளக்கைப் போட்டார். லென்ஸை இடது கண்ணில் செருகிக்கொண்டு, எதிரே நின்ற ஞானசிகாமணியிடம் கையை நீட்டினார்.

"பட்டத்தைக் குடுங்க."

ஞானசிகாமணி அரசுப் பேருந்து நடத்துநர். திருநெல்வேலி–பாபநாசம் தடத்தில் பாதி ஆயுளைக் கிழித்துக் கொடுத்தவர். எத்தனையோ விதமான பயணிகளைப் பார்த்தவர்தான், ஆனால் இப்படி ஒரு கையை அவர் பார்த்ததில்லை.

"பட்டம் இன்னும் வாங்கலியே அண்ணாச்சி. அது வாங்கத்தான கடன் கேட்டு வந்திருக்கோம்."

"என்ன பட்டம்?"

"பி.ஏ. அரசியல் அறிவியல்," என்றாள் பக்கத்தில் நின்ற மகள் டார்லின்.

வைத்தியலிங்கம் லென்ஸைக் கழற்றினார். கவரிங் வளையலைத் தங்கம் என்று நம்பிக் கொண்டுவந்தவரிடம் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற முகம் அது.

விஷயம் இதுதான். வங்கியின் தலைமை அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. கல்விக் கடன் கொடுக்குமுன், அந்தப் படிப்பால் வரப்போகும் வருமானத்தையும் அதற்காக வாங்கும் கடனையும் எடை போட வேண்டும். அந்த வேலையைக் கிளையின் மதிப்பீட்டாளர் செய்வார். எழுதியவர் மனதில் ஒரு பொருளாதார நிபுணர் இருந்திருக்கலாம். கிளையில் மதிப்பீட்டாளர் என்று இருந்தது வைத்தியலிங்கம் ஒருவர்தான். மேலாளர் கார்த்திகேசன் சுற்றறிக்கைகளோடு விவாதம் செய்கிற வழக்கம் இல்லாதவர். பொறியியலுக்கு இருபது காரட், செவிலியர் படிப்புக்கு இருபத்தொன்று, வரலாற்றுக்கு எட்டு என்று ஒரு பட்டியல் ஏற்கெனவே சுவரில் தொங்கியது. அரசியல் அறிவியலுக்கு நேரே வெறும் கோடு.

கார்த்திகேசன் தம் அறையிலிருந்து எழுந்து வந்தார். வாடிக்கையாளர்கள் மூன்று பேருக்கு மேல் இருந்தால் அவர் பேசுவது சொற்பொழிவாகிவிடும். அன்று ஐந்து பேர் இருந்தார்கள்.

"அறிவுக்கு விலை கெடையாதுன்னு சொல்லுவாங்க. அதைத்தான் எங்க வங்கி மாத்திக்கிட்டு இருக்கு. விலை இல்லாத பொருளை நாங்க எப்படி ஈடா எடுத்துக்க முடியும்? ஒரு பொண்ணு என்ன படிக்கணும்னு ஆசைப்படுதாங்கறது குடும்ப விஷயம். அந்த ஆசை எத்தனை காரட்டுங்கறது நாட்டு விஷயம். வைத்தியலிங்கம், இவங்களுக்கு வழியைச் சொல்லும்."

"மாதிரி வேணும்," என்றார் வைத்தியலிங்கம். "இதே பட்டத்தை வாங்கி, அதால சம்பாதிக்கிற ஆளு ஒண்ணு. நேர்ல கொண்டாங்க. உரசிப் பாத்துச் சொல்லிருதேன்."

"ஆளையா?"

"பைய உரசுவேன். வலிக்காது."

சென்னைக் கல்லூரியில் டார்லினுக்கு இடம் கிடைத்திருந்தது. மூன்று வருடத்துக்கும் விடுதியோடு சேர்த்து நான்கு லட்சம். வெள்ளிக்கிழமை நேரில் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. இன்று திங்கள்.

வெளியே வந்ததும் ஞானசிகாமணி கேட்டார். "ஏட்டி, கோவப்படாத. நெசமாவே இதுக்கு வேலை கெடைக்குமா?"

"தெரியலப்பா."

"தெரியாமயா நாலு லட்சம்?"

"நம்ம தெருவுக்கு வந்துக்கிட்டிருந்த பஸ்ஸை நிறுத்திட்டாவல்லா. யாரு நிறுத்துனான்னு கேட்டேன். பஸ்ஸுலயே வேலை பாக்குத ஒங்களுக்கே தெரியல. மேல இருந்து உத்தரவுன்னீய. அந்த மேலங்கறது எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியணும்பா."

ஞானசிகாமணிக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

*

செவ்வாய்க்கிழமை காலை, பேருந்து பத்தமடையைத் தாண்டியதும் ஞானசிகாமணி விசிலை ஊதினார். நிறுத்தம் இல்லாத இடத்தில் விசில் கேட்டு ஓட்டுநர் மிரண்டு திரும்பினார்.

"இங்கன அரசியல் அறிவியல் படிச்சவங்க யாராச்சும் இருக்கீயளா?"

வண்டி அமைதியானது. யாருக்கோ நெஞ்சுவலி வந்து டாக்டரைத் தேடுகிற அமைதி.

"படிச்சவங்கன்னா எறக்கி விட்டுருவீயளோ?" என்றார் பின் இருக்கைக்காரர்.

"இல்லவே. பேங்குக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"கடன் பாக்கி ஏதும் இல்லல்லா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் கையை அரைகுறையாக உயர்த்தினார். பெயர் ஜாபேஸ். வருவாய் ஆய்வாளர். மாதச் சம்பளம், பஞ்சப்படி, ஓய்வூதியம் எல்லாம் உள்ளவர். ஞானசிகாமணிக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

மத்தியானம் ஜாபேஸ் வங்கியில் சம்பளச் சீட்டோடு உட்கார்ந்திருந்தார். வைத்தியலிங்கம் சீட்டை விளக்குக்கு நேராகப் பிடித்தார். முன்பக்கம், பின்பக்கம்.

"இந்தச் சம்பளம் பட்டத்துக்கு வந்ததா, தேர்வாணையப் பரீட்சைக்கு வந்ததா?"

"பரீட்சை எழுதணும்னா பட்டம் வேணும்லா?"

"எந்தப் பட்டம்?"

"ஏதாவது ஒரு பட்டம்."

"அப்படிச் சொல்லுங்க. விலங்கியல் படிச்சிருந்தாலும் இதே சம்பளந்தான?"

"அதே சம்பளந்தான்."

"அப்ப இதுல அரசியல் அறிவியல் கலக்கவே இல்ல. பூரா பரீட்சை." வைத்தியலிங்கம் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "சுத்தமான பரீட்சை."

ஜாபேஸ் எழுந்தார். "இருவத்தஞ்சு வருஷமா எனக்கும் இந்தச் சந்தேகம் உண்டு அண்ணாச்சி. நீங்க இவ்வளவு பட்டுன்னு சொல்லியிருக்க வேண்டாம்." வாசல்வரை போனவர் திரும்பினார். "எங்ககூடப் படிச்சவன் ஒருத்தன் இருக்கான். படிச்சதை வச்சே பொழைக்கிறவன். குமரகுருபரன். பேரூராட்சித் தலைவரா இருந்தவன். நான் சொன்னேன்னு சொல்லிக் கூப்பிடுங்க."

*

புதன்கிழமை காலை குமரகுருபரன் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைச் செருப்பு. மேலாளர் கார்த்திகேசன் வாசலுக்கே வந்துவிட்டார். குளிர்பானம் வந்தது. குமரகுருபரனுக்கு இரண்டு கல்யாண மண்டபங்களும் மூன்று பெட்ரோல் பங்குகளும் இருப்பது ஊர் அறிந்த விஷயம். சுவரில் இருந்த வெறும் கோட்டை அழிக்க ஊழியர் ஒருவர் ஈரத்துணியோடு தயாராக நின்றார்.

"வருமானச் சான்று கொண்டாந்திருக்கீயளா அண்ணாச்சி?"

"தேர்தல்ல நிக்கும்போது குடுத்த உறுதிமொழிப் பத்திரம் இருக்கு."

வைத்தியலிங்கம் வாசித்தார். ஆண்டு வருமானம்: இல்லை. அசையும் சொத்து: ஒரு கைக்கடிகாரம்.

"மண்டபம்?"

"வீட்டம்மா பேர்ல."

"பங்கு?"

"அதுவும் அவதான் பாக்கா. நான் ஏழை வே. மக்கள் அன்பு ஒண்ணுதான் நமக்கு."

வைத்தியலிங்கம் நீண்ட நேரம் லென்ஸ் வழியாக அவரையே பார்த்தார். தொழிலில் அவருக்கு இப்படி ஒரு சோதனை வந்ததில்லை. "பொருள் கனமா இருக்கு சார். ஆனா தராசுல வச்சா முள்ளு அசைய மாட்டேங்குது," என்று மேலாளரிடம் கிசுகிசுத்தார்.

கார்த்திகேசன் விதியை விடுகிறவர் இல்லை. "வருமானம் யார் பேர்ல இருக்கோ, அவங்க பட்டத்துலதான் வரவு வைக்கணும். வீட்டம்மா என்ன படிச்சிருக்காங்க?"

"மனையியல்."

அன்றைய தேதியில் மனையியல் பட்டத்தின் கணக்கில் இரண்டு கல்யாண மண்டபங்களும் மூன்று பெட்ரோல் பங்குகளும் ஏறின. சுவர்ப் பட்டியலில் அது செவிலியர் படிப்பைத் தாண்டி இருபத்து மூன்று காரட்டுக்குப் போனது. பதினோரு மணிக்குள் இரண்டு அப்பாக்கள் மகள்களை மனையியலுக்கு மாற்றுவது பற்றி விசாரித்துவிட்டார்கள்.

அரசியல் அறிவியலுக்கு நேரே அதே கோடு.

ஞானசிகாமணி படியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முன்னால் பெரிய எவர்சில்வர் தூக்கு. ஓட்டி வந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். மேலப்பாளையம் ஷம்ஸியா. கல்யாண வீடுகளுக்கும் கடைகளுக்கும் வட்டிலப்பம் செய்து கொடுக்கிறவர். முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து வேகவைக்கிற அந்தப் பண்டத்துக்கு, அவர் கை பட்டால் தனி விலை.

"நேத்து பஸ்ஸுல விசில் ஊதுனது நீங்கதான அண்ணாச்சி? என் மச்சி அந்த வண்டியிலதான் வந்தா. நான் எம்.ஏ. அரசியல் அறிவியல். பல்கலைக்கழகத்துல ரெண்டாம் இடம்."

ஞானசிகாமணி எழுந்து நின்றே விட்டார். "வருமானம் உண்டா தங்கச்சி?"

"வரி கட்டுத வருமானம்."

*

இந்த முறை வைத்தியலிங்கத்தின் கண் மின்னியது. வருமானம் இருக்கிறது. பரீட்சை எதுவும் எழுதவில்லை. வேறு பட்டம் இல்லை. சமையலுக்குச் சான்றிதழ் இல்லை.

"அப்ப இந்த வருமானத்துக்கு வேற காரணமே கெடையாது சார்," என்றார். "பூராவும் அரசியல் அறிவியல்தான்."

"மாதிரியை உரசும்," என்றார் கார்த்திகேசன்.

தூக்கு திறந்தது. வைத்தியலிங்கம் ஒரு கரண்டி எடுத்து உரைகல் மேல் வைத்தார். பார்த்தார். பிறகு கடமை உணர்வோடு அதை வாயில் போட்டுக்கொண்டார். இரண்டாவது கரண்டி மேலாளருக்கு. சந்தேகம் தீர மூன்றாவது.

"மொத்த எடை நல்லாருக்கு. இதுல கல்லு, அரக்கு, அழுக்கு எல்லாம் கழிக்கணும்." தாளை எடுத்தார். "முட்டை போக. தேங்காய்ப்பால் போக. கருப்பட்டி, முந்திரி, ஏலக்காய் போக. கேஸ் போக. மிச்சம் நிக்கதுதான் அரசியல் அறிவியல்."

"மிச்சம் நிக்கது என் உழைப்பு அண்ணாச்சி," என்றார் ஷம்ஸியா.

"உழைப்புங்கறது சேதாரம். அதையும் கழிச்சாச்சு."

"சரி, கேளுங்க. முட்டை மண்டிக்காரங்க நாலு பேரு கூடிப் பேசி வெலையை ஏத்துனாங்க. நான் நாலு பேரையும் தனித்தனியா பாத்து, மத்த மூணு பேரும் எனக்குக் கொறச்சுத் தர ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னேன். சாயங்காலத்துக்குள்ள நாலு பேரும் கொறச்சுட்டாங்க. அதை எதுல சேர்ப்பீய?"

வைத்தியலிங்கம் யோசித்தார். "அது பொய்யில்லா? பொய்யை அழுக்குல கழிச்சிருவோம்."

கழித்துக் கூட்டிப் பார்த்ததில் பதினான்கு காரட் வந்தது. கடன் கொடுக்கலாம். மேலாளர் கை குலுக்கினார். அனுமதி ஆணையில் படிப்பின் பெயர் 'அரசியல் அறிவியல் (வட்டிலப்பம்)' என்று பதிவானது. படிப்பு முடிந்த ஆறாவது மாதத்திலிருந்து டார்லின் தவணை கட்ட வேண்டும். அதுவரை ஆண்டுக்கு ஒரு முறை தேங்காய் விலையை வங்கி கவனித்துக்கொண்டிருக்கும்.

"பாப்பாவோட பிளஸ் டூ மார்க் ஷீட் அசலைக் குடுத்துட்டுப் போங்க, பாத்துக்கிடுதோம்," என்றார் வைத்தியலிங்கம். நகைக் கடன் முறைப்படி பணம் அன்றைக்கே ஞானசிகாமணியின் கணக்கில் விழுந்தது. அவர் அன்று ஷம்ஸியாவிடம் அரைக் கிலோ வட்டிலப்பம் காசு கொடுத்தே வாங்கினார்.

*

வியாழக்கிழமை காலை. சாயங்காலம் சென்னைக்கு ரயில். மதிப்பெண் சான்றிதழை வாங்கப் போன அப்பாவும் மகளும் வங்கியில் சிலையாக நின்றார்கள்.

"பாதுகாப்பு அறையில இருக்கு," என்றார் வைத்தியலிங்கம். "துணிப்பையில போட்டு, அரக்கு முத்திரை வச்சாச்சு. ஈடுல்லா?"

"பாத்துட்டுத் தருவோம்னீய!" என்றார் ஞானசிகாமணி.

"பாத்துக்கிடுதோம்னு சொன்னேன். பத்திரமா பாத்துக்கிடுதோம்லா? பட்டம்ங்கறது நகை. அதை இனிமத்தான் செய்யப் போறீய. இப்பத்திக்கு இருக்கது தங்கக்கட்டி, அதுதான் மார்க் ஷீட். கட்டியை விட்டுட்டுக் கடன் குடுத்தா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாவ."

"நாளைக்குக் காலேஜ்ல அசலைக் காட்டணும் அண்ணாச்சி! காட்டலைன்னா சேக்க மாட்டாவ."

"சேத்தா என்ன, சேக்காட்டா என்ன. கடன் முடிஞ்ச அன்னைக்கு முத்திரையோட திருப்பித் தந்துருவோம். ஒரு எழுத்துக் கொறையாது."

ஞானசிகாமணி மேலாளர் அறைக்குள் ஏறக்குறைய ஓடினார். கார்த்திகேசன் அவரை உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார்.

"பதட்டப்படாதீங்க. நாளைக்குப் பட்டம் வாங்கினதும் அதையும் இங்கதான் வைக்கணும். சான்றிதழ் இல்லாம வேலை கெடைக்குமான்னு கேப்பீங்க. கெடைக்காது. வேலை இல்லாம கடன் அடையுமா? அடையாது. ஆனா பொருள் எவ்வளவு பத்திரமா இருக்கும்னு நெனச்சுப் பாருங்க! ஈரம் படாது, எலி கடிக்காது. எத்தனை குடும்பத்துல படிச்ச புள்ளைங்க சான்றிதழைத் தொலைச்சுட்டு நிக்குதாங்க தெரியுமா? எங்க வாடிக்கையாளர்கள்ல ஒருத்தர்கூட இல்ல."

பேருந்தில் ஞானசிகாமணி யாரையும் பாதி வழியில் இறக்கிவிட்டதில்லை. சில்லறை இல்லாதவனைக்கூட. இங்கே மகளை ஏற்றிக்கொண்டு, வண்டியைக் கிளப்ப மாட்டேன் என்கிறார்கள்.

"அப்பா, நீங்க இருங்க," என்றாள் பின்னாலேயே உள்ளே வந்த டார்லின். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சார், ஒரு சந்தேகம். ஈட்டை மீட்கணும்னா என்ன செய்யணும்?"

"முழுக் கடனையும் கட்டணும்மா."

"எப்ப கட்டலாம்?"

"எப்ப வேணும்னாலும். முன்கூட்டியே கட்டுறவங்கள நாங்க தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுவோம்."

"எப்படிக் கொண்டாடுவீய?"

கார்த்திகேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அறை வாசலில் இரண்டு வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்தார்கள். அது போதும் அவருக்கு.

"கடனை முழுசா அடைச்சவங்க எங்க குடும்பம். குடும்பத்துக்கிட்ட ஈடு கேக்குறது அசிங்கம். அதனால அவங்களுக்கு 'நம்பிக்கைக் கடன்'. அதே தொகை, அதே நாள், ஒரே கையெழுத்து. ஈடும் வேண்டாம், உரைகல்லும் வேண்டாம். நானே யோசிச்சுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதி, அனுமதி வாங்கின திட்டம். விருதுகூடக் குடுத்தாங்க."

"அதே வட்டிதானா?"

"அதே வட்டி, அதே தவணை. படிப்பு முடிஞ்சப்புறம் கட்டினாப் போதும்."

"இதுவரைக்கும் எத்தனை பேரு வாங்கியிருக்காவ சார்?"

"யாரும் இன்னும் முழுசா அடைக்கலியேம்மா."

"அப்ப நான் அடைச்சிருதேன் சார்."

கார்த்திகேசன் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார்.

"எ... எதை வச்சு?"

"நேத்து நீங்க குடுத்ததை வச்சுத்தான். அப்பா கணக்குல அப்படியே இருக்கு."

கார்த்திகேசன் விதிமுறைப் புத்தகத்தை எடுத்தார். பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். ஒரே வங்கியில் வாங்கிய பணத்தை அதே வங்கியில் கட்டக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை. விதியில் இல்லாததைச் செய்வதைவிட, விதியில் உள்ளதைச் செய்யாமல் இருப்பது அவருக்குப் பெரிய பாவம்.

கணினியில் நான்கு லட்சம் போனது. ஒரு நாள் வட்டியையும் மதிப்பீட்டுக் கட்டணத்தையும் ஞானசிகாமணி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாதுகாப்பு அறை திறந்தது. அரக்கு உடைந்தது. வைத்தியலிங்கம், திருப்பிக் கொடுக்குமுன் பொருளைச் சோதிப்பது முறை என்று சொல்லி, மதிப்பெண் சான்றிதழை இன்னொரு தடவை விளக்கில் காட்டினார்.

அதற்குள் கணினி தன் வேலையைச் செய்திருந்தது. அரசியல் அறிவியல்: வருமானம், வட்டிலப்பம் அளவு. கடன், பூஜ்யம். வருமானத்தைக் கடனால் வகுக்கப் பார்த்துத் திணறி, திரையில் 'பிழை' என்று காட்டியது. தலைமை அலுவலகத்தில் இருந்த இயந்திரம் எண் இல்லாத விடையைப் பட்டியலின் உச்சியில் வைத்தது. பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

"ஆமாங்கய்யா... அரசியல் அறிவியல்தாங்கய்யா... ஒரே நாள்ல நூறு சதவீதம் வசூல்... ரொம்ப நன்றிங்கய்யா!" கார்த்திகேசன் நின்றுகொண்டே பேசினார். வைத்தபோது கண் கலங்கியிருந்தது. "மண்டலத்துலயே முதல் இடமாம். மனையியலை விட மேலயாம்!"

ஈரத்துணியோடு ஊழியர் சுவருக்கு ஓடினார். கோட்டுக்குப் பதில் நேற்று ஏறியிருந்த பதினான்கு அழிந்தது. இருபத்து நான்கு என்று எழுதப்பட்டது. காலையில் மனையியல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருந்த ஒரு அப்பா அதைத் திருப்பிக் கேட்டார்.

டார்லின் சான்றிதழைக் கைப்பைக்குள் வைத்து இழுத்து மூடினாள். "சார், நம்பிக்கைக் கடன்?"

கார்த்திகேசன் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடப் போனவர், பாதியில் நின்றார். வெற்றியின் சூடு தணிந்து கணக்கு மெல்லத் தலைக்குள் இறங்கியது.

"இரும்மா. நேத்து நாலு லட்சம் வெளிய இருந்துச்சு, ஈடு உள்ள இருந்துச்சு. இப்ப அதே நாலு லட்சம் வெளிய போகுது. ஈடு ஒன் பையில இருக்கு. திட்டத்துக்குக் குடுத்த விருது மட்டும் என் கையில இருக்கு."

"ஆமா சார். கையெழுத்துப் போடாட்டா அந்த விருது நிக்குமா?"

அவர் ஒரு கணம் தொலைபேசியைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். தாளை நீட்டும்போது, குரலைத் தாழ்த்தி, நிஜமான ஆர்வத்தோடு கேட்டார்.

"ஏம்மா, இதெல்லாம் அரசியல் அறிவியல்ல முதல் வருஷமே சொல்லிக் குடுத்துருவாங்களா?"

"தெரியல சார்," என்றாள் டார்லின். "திங்கக்கெழமைதான் வகுப்பு ஆரம்பிக்கும்."